ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளோடு ‘பசங்க’

பகடிவதையைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச ஒரு படம் கேட்டால், பாண்டிராஜின் ‘பசங்க’ (2009) என்றுதான் சொல்வேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் டியூஷன் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். பாதிப் பேர் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகள்.

புதிதாக வகுப்பில் சேரும் அன்புக்கரசு, தன் பெயரோடு ஐ.ஏ.எஸ். என்று சேர்த்துச் சொல்கிறவன். அங்கே ஏற்கெனவே கொடிகட்டிப் பறக்கும் ஜீவாவுக்கும் கூட்டாளிகளுக்கும் அது பொறுக்கவில்லை. கதை நடப்பது புதுக்கோட்டைப் பக்கம். ஆனாலும் எங்கள் பிள்ளைகளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு சிறுவர்களுக்கும் தேசிய விருது கிடைத்தது நியாயமே.

என்னை அசைத்தது அன்பு வீட்டுச் சண்டைதான். வகுப்பில் அத்தனை துணிச்சலாக நிற்பவன், அப்பாவும் அம்மாவும் மோதும்போது ஒடுங்கிப்போகிறான். ஜீவாவின் அப்பாவாக, வாத்தியாராக வரும் ஜெயப்பிரகாஷ், அன்புவின் அப்பாவிடம் நிதானமாகப் பேசும் காட்சியைப் பெற்றோர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் பேசுகிறார்.

நடிகர் விமல் வரும் காதல் பகுதியில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க எழுந்துவிட்டார்கள். கடைசிப் பகுதியில் அழுகை கொஞ்சம் கூடுதல். சரி, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு நீளம் அதிகம். ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு, அந்த நீண்ட விடுமுறையிலேயே காட்டிவிடுங்கள். நீங்களும் கூடவே உட்காருங்கள்.