நேரலை வகுப்பா, என்பிடெல்லா?

வேலைக்குப் போய்க்கொண்டே பைத்தான் நிரல்மொழி படிக்க நினைத்தபோது, நேரலை வகுப்பு, பதிவுசெய்த காணொளிப் பாடங்கள் தரும் என்பிடெல் இணையத்தளம் இரண்டையும் முயன்று பார்த்தேன்.

முதலில், ஒரு பயிற்சி மையத்தின் நேரலை வகுப்பு. மாலை 7 மணிக்கு ஜூம். "சார், கேட்குதா?" என்பதிலேயே பத்து நிமிடம் போய்விடும். கட்டணமும் அதிகம். ஆனால் ஒருநாள் என் நிரல் ஓடவே மறுத்தது. திரையைப் பகிர்ந்ததும் ஆசிரியர், "ஆறாவது வரியை நாலு இடம் உள்ளே தள்ளுங்க" என்றார். அவ்வளவுதான், ஓடிவிட்டது. பதிவுசெய்த காணொளி இப்படி என் திரையைப் பார்க்காது.

என்பிடெல் வேறு ரகம். ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கியது. 4, 8, 12 வாரப் பாடங்கள். படிப்பதற்குக் காசில்லை, சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். வாரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. தேர்வை வீட்டிலிருந்து எழுத முடியாது, மையத்துக்கே போகவேண்டும். அந்தச் சான்றிதழுக்கு மரியாதை இருப்பது இதனால்தான் என்பேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2021 விதிப்படி, ஒரு பருவப் பாடங்களில் 40 சதவீதம் வரை மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணையப் பாடத் தளத்தில் படித்து கிரெடிட் (பட்டத்துக்குச் சேரும் பாட மதிப்பு) பெறக் கல்லூரிகள் அனுமதிக்கலாம். என்பிடெல் பாடங்களும் அதில் உண்டு.

புரியாத இடத்தை நாலு முறை ஓட்டிப் பார்க்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். படிக்காவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள், அதுதான் வம்பு. மூன்றாம் வாரப் பயிற்சியை நான் கெடு முடிந்து மறுநாள்தான் திறந்தேன்.

அடிப்படையே தெரியாதவர் முதல் மாதம் நேரலையில் சேரட்டும். அப்புறம் என்பிடெல் போதும்.