குதிகாலும் முழங்கையும்: தசைநாண் வலிக்குச் செய்து பார்த்தவற்றில் எது நிலைத்தது

நாற்பதுகளின் நடுவில் வலது குதிகாலுக்கு மேலே வலி தொடங்கியது. அது அடங்கி வரும்போது வலது முழங்கைக்கும் வந்து சேர்ந்தது. இரண்டுமே தசைநாண் வலிதான், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாணில் வரும் வலி. எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாது, வீக்கம் பெரிதாக இருக்காது, பார்க்கிறவர்களுக்கு ஆள் நன்றாகத்தான் இருப்பதாகத் தோன்றும். காலையில் கட்டிலைவிட்டு இறங்கி நாலு அடி வைக்கும்போதுதான் தெரியும். இந்த இரண்டு வலிக்காகவும் நான் வாங்கிய பொருள்கள், செய்த பயிற்சிகள், எடுத்துக்கொண்ட சிகிச்சைகள் ஆகியவற்றில் இன்றும் என்னிடம் புழங்குவது எது, அலமாரிக்குள் போனது எது என்று எழுதலாமென்று தோன்றியது. வாங்கிய முதல் வாரத்திலேயே எழுதப்படும் மதிப்புரைகளை நம்பி நிறைய செலவழித்துவிட்டேன் என்பதும் ஒரு காரணம். தசைநாணின் கணக்கு மாதங்களில்தான் ஓடும். நான் மருத்துவர் இல்லை. நீண்டகாலப் பயனர், அவ்வளவுதான்.

எனக்கு வலி இருந்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் சொல்லப்போவது பலவும் அதைப் பொறுத்தது. குதிகால் எலும்பில் நாண் வந்து ஒட்டும் இடத்துக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே, நடுப்பகுதி. விரலால் பிடித்தால் சற்றுத் தடித்திருப்பது தெரியும், அழுத்தினால் சுள்ளென்று இருக்கும். நடக்க ஆரம்பித்துக் கால் சூடேறினால் வலி மறைந்துவிடும். மறைகிறதே என்று வேகத்தைக் கூட்டினால் மறுநாள் காலை வட்டியோடு வரும்.

எல்லாரும் முதலில் சொல்லும் மருந்து ஓய்வு. ஓய்வெடுக்கும்வரை வலி குறையும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பழைய வேலைக்குத் திரும்பிய முதல் நாளே வலியும் திரும்பும். சுமையே இல்லாமல் வைத்திருந்தால் கெண்டைக்கால் தசை மெலிகிறது, நாண் தாங்கும் அளவும் குறைகிறது. ஆகவே திரும்பி வரும்போது முன்பைவிடக் குறைந்த வேலைக்கே வலிக்கிறது. வலி கொழுந்துவிட்டு எரியும் சில நாட்களுக்கு ஓட்டத்தையும் குதிப்பதையும் நிறுத்திவைக்க மட்டும் ஓய்வைப் பயன்படுத்துகிறேன். நடையை அப்போதும் நிறுத்துவதில்லை.

ஐஸ் பேக், வலி ஜெல், மாத்திரை மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். அந்த இரவைக் கடத்த உதவின. அடுத்த மாதத்தை அவை மாற்றவில்லை. ஐஸ் பேக் இப்போது குழந்தைகளின் நெற்றி வீக்கத்துக்குப் போகிறது.

குதிகால் உயர்த்தும் ஹீல் லிஃப்டுக்கு நல்ல மதிப்பெண் தருவேன். ஷூவுக்குள் இரண்டு பக்கமும் வைக்க வேண்டும், வலிக்கிற காலுக்கு மட்டும் வைத்தால் இடுப்பு புலம்பும். நீண்ட நேரம் நிற்க வேண்டிய நாட்களில் நாணின் மேல் இழுப்பு குறைவதை உடனே உணர முடிந்தது. குணப்படுத்தவில்லை, வேலையை நிறுத்தாமல் ஓட்ட உதவியது. இதற்கு அதற்குமேல் எதிர்பார்ப்பு வைக்க வேண்டியதில்லை.

இனி முக்கியமான விஷயம். என் பிசியோதெரபிஸ்ட் முதலில் கொடுத்தது படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சி. ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் தன் குழுவோடு வெளியிட்ட முறை இது. முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று, முழங்காலைச் சற்று மடக்கி அதேபோல மூன்று சுற்று. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்கு 180 இறக்கம், வாரம் ஏழு நாளும், 12 வாரம். அந்த ஆய்வில் இருந்த 15 பேரின் சராசரி வயது 44 என்று படித்தபோது எனக்கு ஒரு தெம்பு வந்தது. இருபது வயது விளையாட்டு வீரர்களை வைத்துச் செய்த ஆய்வை நம்மேல் பொருத்திப் பார்ப்பதில் எப்போதும் ஒரு உறுத்தல் இருக்கும் அல்லவா, இங்கே அது இல்லை.

பயன் இருந்தது. முதல் சில வாரம் வலி கூடத்தான் செய்தது, பிறகு காலை விறைப்பு தளர்ந்தது. ஆனால் நடுவயதில் வேலை, பிள்ளைகள், பெற்றோர் மூன்றையும் கவனித்துக்கொண்டு நாளுக்கு இருமுறை படிக்கட்டில் நிற்பது பெரிய கோரிக்கை. ஏழு நாளும் என்பது இன்னும் பெரியது. எத்தனை பேர் இதைப் பாதியில் விட்டிருப்பார்கள் என்று படிக்கட்டில் நின்றபடியே யோசித்திருக்கிறேன்.

அதனால் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஒப்பீடு எனக்கு வரப்பிரசாதம். ஒரு குழுவுக்கு மேலே சொன்ன தினசரிப் பயிற்சி, இன்னொரு குழுவுக்கு வாரம் மூன்று நாள் மட்டும் அதிக எடையோடு மிக மெதுவான பயிற்சி. 12 வாரத்திலும் ஓராண்டு முடிவிலும் இரு குழுவுக்கும் கிடைத்த குணம் ஏறக்குறைய சமம். 12 வாரத்தில் கேட்டபோது மனநிறைவு அதிகமாக இருந்தது மூன்று நாள் குழுவுக்கு. நான் அந்தப் பக்கம் தாவினேன், இன்றுவரை அங்கேயேதான் இருக்கிறேன். ஏறுவதற்கு மூன்று விநாடி, இறங்குவதற்கு மூன்று விநாடி. எடைக்கு முதுகுப்பை, உள்ளே முதலில் புத்தகங்கள், அவை போதாமல் போனபோது தண்ணீர் பாட்டில்கள், அதுவும் போதாதபோது ஜிம். ஆரம்பத்தில் 15 தடவை தூக்கக்கூடிய எடை, வாரங்கள் போகப்போக 6 தடவைக்கு மேல் தூக்க முடியாத எடை. எண்ணிக்கை குறைந்து எடை கூட வேண்டும். உடல் எடையை மட்டும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் செய்துவிட்டு ‘பயிற்சி எனக்கு ஒத்துவரவில்லை’ என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, பையில் என்ன இருந்தது என்பதைத்தான்.

வலிக்கும்போது செய்யலாமா என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்தான் இத்தனை ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த மிக உபயோகமான ஒன்று. இதுவும் ஸ்வீடனிலிருந்துதான், கரின் சில்பர்னாகல் குழுவினர் 2007இல் எழுதியது. சுழியம் முதல் பத்து வரை வலிக்கு மதிப்பெண் போடு. பயிற்சியின்போது 5 வரை போகலாம். முடித்தபிறகும் 5 வரை இருக்கலாம். மறுநாள் காலைக்குள் இறங்கிவிட வேண்டும். வாரத்துக்கு வாரம் வலியும் விறைப்பும் ஏறிக்கொண்டே போகக் கூடாது. இந்த வரம்புக்குள் ஓட்டத்தைத் தொடர்ந்தவர்கள்கூட, ஓட்டத்தை நிறுத்தியவர்கள் அளவுக்கே தேறியிருந்தார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு இரண்டு பத்தியாகப் பிரித்துக்கொண்டேன். இடப்பக்கம் நேற்று செய்த வேலை, வலப்பக்கம் இன்று காலை முதல் அடிகளின் மதிப்பெண். சில மாதம் எழுதியபின் புரட்டிப் பார்த்தால் கண்ணில் படுவது வேடிக்கையானது. பயிற்சி செய்த நாட்களுக்கு மறுநாள் மோசமாக இல்லை. மோசமான காலைகளுக்கு முந்தைய நாட்களில் இருந்தவை: பயணத்தில் பெட்டியோடு ஓட்டம், பிள்ளையோடு திடீர்ப் பந்தாட்டம், பல நாள் உட்கார்ந்தே இருந்துவிட்டு ஒரே மூச்சில் நீண்ட நடை. நாண் வெறுப்பது திடீர் ஏற்றத்தை. அதற்குப் பிறகு விடுமுறைக்கு முந்தைய வாரமே நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிவைக்கிறேன். வாங்கியவற்றில் மிகக் குறைந்த விலைப் பொருள் அந்த நோட்டுதான், இன்னும் தினமும் கையில் எடுப்பதும் அதுதான்.

ஏன் இவ்வளவு மெதுவாக ஆறுகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு விசித்திரமான ஆய்வைச் சொல்வேன். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவு எகிறியது. அந்தக் காலத்தில் உருவான திசுக்களில் அதன் முத்திரை பதிந்துவிடும். டென்மார்க் ஆய்வாளர்கள் இதை வைத்துக் குதிகால் நாணின் வயதைக் கணித்து 2013இல் வெளியிட்டார்கள். நாணின் உட்பகுதி சுமார் 17 வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது, அதன்பின் பெரிதாகப் புதுப்பிக்கப்படுவதில்லை என்பது அவர்கள் கண்டது. பள்ளிக்கூடத்தில் படித்தபோது கட்டிய நாணில்தான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறோம்! ஆகவே உள்ளே கெட்டுப்போன பகுதி புதிதாக முளைக்கும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. சுற்றியிருக்கும் நல்ல இழைகளையும் தசையையும் பலப்படுத்துவதுதான் நம் கையில் இருப்பது. ஸ்கேன் படம் அப்படியே இருக்க, வலி மட்டும் குறைந்துபோவது சகஜம். வலியே இல்லாத பலருக்கும் படம் மோசமாக இருக்கும். இரண்டாம் முறை ஸ்கேன் எடுக்கச் சொன்னபோது என் பிசியோவே வேண்டாம் என்றார், சரியென்று விட்டுவிட்டேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. என் அண்ணனுக்கும் குதிகால் வலி, ஆனால் நாண் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே. என்னைப் பார்த்து அவரும் படிக்கட்டில் குதிகாலை முழுக்க இறக்கினார், கூடிப்போனது. அந்த இடத்தில் பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் நாண் எலும்போடு அழுந்துகிறது, அதுதான் அங்கே எரிச்சலைக் கிளப்புவது. அவருக்குப் பிறகு சொன்ன முறை: சமதரையில் நின்று தூக்கி இறக்குவது, தரைக்குக் கீழே போகாமல். சுவரில் சாய்ந்து கெண்டைக்காலை இழுக்கும் ஸ்ட்ரெச்சும் அவருக்கு விலக்கு. ஹீல் லிஃப்டோ என்னைவிட அவருக்குத்தான் அதிகம் கைகொடுத்தது.

முழங்கைக்கு வருகிறேன். வெளிப்பக்க எலும்பு முனையில் வலி, பெயர் டென்னிஸ் எல்போ. ராக்கெட்டைத் தொட்டதே இல்லை, மவுஸும் ஸ்க்ரூடிரைவரும் போதுமாக இருந்தன. உள்ளங்கை கீழே பார்த்தபடி ஒரு டம்ளரைத் தூக்கினால்கூட வலிக்கும். உள்ளங்கையை மேலே திருப்பித் தூக்கினால் பாதி வலி போய்விடும். இந்த ஒரு பழக்கத்துக்கே ஐந்துக்கு ஐந்து. முன்கையில் கட்டும் ஸ்ட்ராப் வேலை நேரத்தில் உதவும், மூட்டிலேயே கட்டாமல் சற்றுக் கீழே தசையின் மேல் கட்ட வேண்டும், இரவில் கழற்றிவிட வேண்டும். ரப்பர் முறுக்குத் தடி நன்றாக இருந்தது. டம்பெல்லைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாக இறக்குவதும் அதே வேலையைத்தான் செய்கிறது, இருப்பதை வைத்துச் செய்யலாம்.

ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். 2013இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஆஸ்திரேலியர்கள் வெளியிட்ட ஆய்வை அதற்குள் படித்திருந்தேன். டென்னிஸ் எல்போவுக்கு ஸ்டீராய்டு ஊசி பெற்றவர்களில் 54 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் வலி திரும்பியது. மருந்தில்லாத போலி ஊசி பெற்றவர்களில் 12 சதவீதத்தினருக்குத்தான். முதல் சில வாரத்து நிம்மதி உண்மையானது, அதனால்தான் இது இன்னும் விலைபோகிறது. ரத்தத்திலிருந்து பிளேட்லெட்டைப் பிரித்துச் செலுத்தும் பிஆர்பி ஊசியும் முன்வைக்கப்பட்டது, குதிகாலுக்கு. 2010இல் நெதர்லாந்திலும் 2021இல் பிரிட்டனிலும் நடந்த ஒப்பீடுகளில் அது போலி சிகிச்சையைவிட மேலாக நிற்கவில்லை. அதற்கும் தலையாட்டவில்லை. வலிக்கிற இடத்தில் அழுத்த அலைகளைச் செலுத்தும் ஷாக்வேவ் சிகிச்சை மட்டும் எடுத்துக்கொண்டேன். வலிக்கும், நன்றாகவே வலிக்கும். அதன்பின் குறைந்தது போலிருந்தது, ஆனால் பயிற்சியும் கூடவே நடந்ததால் எது குறைத்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பயிற்சி மட்டும் செய்து பல மாதமாகியும் நகராதவர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

நடுவயதில் நாண் மட்டும் தனியாக வலிப்பதில்லை. ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் ஏறியிருந்தால் நாணும் பாதிக்கப்படலாம், ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களுக்கு இடுப்பின் பக்கவாட்டில் வரும் வலி பெரும்பாலும் பிட்டத் தசையின் நாண் வலிதான். அங்கேயும் ஊசியைவிடப் பயிற்சியும், ஒரு காலில் இடுப்பைச் சாய்த்து நிற்பது, கால்மேல் கால் போட்டு உட்காருவது போன்ற பழக்கங்களை விடுவதும் நன்றாக வேலை செய்தன என்று 2018இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. இன்னொன்று, பலருக்கும் தெரியாதது: சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் நாணைப் பாதிக்கலாம், அறுந்தும் போகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் இதற்குக் கறுப்புக் கட்ட எச்சரிக்கை, அதாவது மருந்துக் குறிப்பில் இடும் மிகக் கடுமையான எச்சரிக்கை போட்டது. அறுபதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். இப்போது எந்த மருத்துவரிடம் போனாலும் நாண் பிரச்சினை உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னாலிருந்து யாரோ காலில் உதைத்ததுபோல் பட்டென்று ஒரு சத்தம், பிறகு முன்பாதத்தை ஊன்றி எழும்ப முடியவில்லை என்றால், மேலே எழுதிய எதையும் செய்யாமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்றைய நிலவரம்: குதிகால் மதிப்பெண் பெரும்பாலான காலைகளில் சுழியம், சில நாள் ஒன்று, பயணம் முடிந்த வாரத்தில் மூன்று. முழங்கையை நினைவூட்டுவது ஸ்க்ரூடிரைவர் மட்டும். எடைப் பயிற்சியை வாரம் இருமுறையாகக் குறைத்திருக்கிறேன். முழுக்க நிறுத்திப் பார்த்த காலங்களில் நோட்டின் வலப்பக்கம் மெல்ல ஏறியது, அதனால் நிறுத்தும் எண்ணம் இல்லை. ஹீல் லிஃப்ட் அலுவலக ஷூவில் இருக்கிறது. ஸ்ட்ராப் கருவிப் பெட்டியில்.