சித்திரை வெயிலில் நாலு கேமரா

மெக்கானிக்கல் ஃபிலிம் கேமராக்களில் எது அழகு என்று கேட்டால் பாதிப் பேர் ஒலிம்பஸ் ஓஎம்-1ஐக் காட்டுவார்கள், மீதிப் பேர் லைக்கா எம்3ஐ. எது உழைக்கும் என்றால் பென்டாக்ஸ் கே1000 என்பார்கள். மதுரையில் இருந்துகொண்டு வாங்குகிறவர் இந்த இரண்டுக்கும் முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும்: பகல் பன்னிரண்டு மணிக்கு அதன் ஷட்டர், அதாவது ஃபிலிமில் வெளிச்சம் படும் நேரத்தை அடக்கும் கதவு, எவ்வளவு வேகம்வரை ஓடும்?

கணக்கு எளிது. ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளி உணர்திறன்) 100, மேகமில்லாத உச்சி வெயில், அப்பர்ச்சர் (லென்ஸின் துவாரம்; எஃப் எண் குறையக் குறைய அகலம்) எஃப் 16 என்றால் ஷட்டர் 1/125 செகண்ட். அப்பர்ச்சரை ஒவ்வொரு ஸ்டாப்பாக, அதாவது வெளிச்சம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படியாக, திறந்துகொண்டே வந்தால் எஃப் 5.6இல் 1/1000 வந்துவிடும். கே1000, ஓஎம்-1, லைக்கா எம்3 மூன்றுக்கும் எல்லை அதுதான். யாஷிகா மேட் 124ஜி இன்னும் முன்னாலேயே, எஃப் 8இல், 1/500உடன் நின்றுவிடும். நிக்கான் எஃப்எம்2 மட்டும் 1/4000 வரை போகும். அதாவது நடுப்பகலில் எஃப் 2.8. கீழச் சித்திரை வீதியில் பூக்கட்டும் அம்மாவின் முகம் மட்டும் தெளிவாக நின்று, பின்னால் இருக்கும் பைக்கும் பெயர்ப்பலகையும் கரைய வேண்டும் என்றால் அப்பர்ச்சரை அகலமாகத் திறக்க வேண்டும், அதற்கு இந்த இரண்டு ஸ்டாப் வித்தியாசம் பெரிது. ஐஎஸ்ஓ 400 போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். 1/1000 கேமராக்களில் எஃப் 11ஐ விட்டு நகரவே முடியாது.

பிளாஷிலும் இதே கதைதான், ஆனால் யாஷிகா இங்கே முந்திக்கொள்கிறது. வெயிலில் நிற்கிற ஆளின் கண்குழியும், தலைப்பாகைக்குக் கீழே விழுகிற கறுப்பும் போக வேண்டுமானால் பகலிலும் பிளாஷ் அடிக்க வேண்டும். கைட் நம்பர் (பிளாஷின் பலம்; எஃப் எண்ணால் வகுத்தால் எட்டும் தூரம் மீட்டரில் வரும்) 28 உள்ள சாதாரண பிளாஷை வைத்துப் பாருங்கள். கே1000 பிளாஷோடு ஒத்து ஓடுவது அதிகபட்சம் 1/60இல். வெயிலுக்கு எஃப் 22 வைக்க வேண்டும், பிளாஷ் எட்டுவது சுமார் 1.3 மீட்டர். ஓஎம்-1உம் 1/60தான், ஆனால் அதன் 50 மிமீ எஃப் 1.8 லென்ஸ் எஃப் 16உடன் நின்றுவிடுவதால் படம் ஒரு ஸ்டாப் வெளுக்கும். எஃப்எம்2இன் பிந்தைய வடிவமான எஃப்எம்2என் 1/250இல் எஃப் 11, எட்டுவது 2.5 மீட்டர். யாஷிகாவின் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இதழ் இதழாக விரிவது. எந்த வேகத்திலும் பிளாஷ் ஒத்துப்போகும். 1/500, எஃப் 8, 3.5 மீட்டர். கல்யாண வீட்டு வாசலில் குடும்பத்தையே நிறுத்தி எடுக்கப் போதும்.

ஓஎம்-1, எஃப்எம்2: அழகும் வேலையும்

ஓஎம்-1 வடிவமைப்பாளர் யோஷிஹிசா மைதானியின் கைவண்ணம். 1972இல் எம்-1 என்ற பெயரில் வந்தது. அந்தப் பெயருக்கு லைக்கா தரப்பு ஆட்சேபித்ததால் மறு ஆண்டு ஓஎம்-1 ஆனது. உடல் மட்டும் 510 கிராம். ஷட்டர் வேக வளையம் லென்ஸ் மாட்டும் வாயான மவுண்டைச் சுற்றியே இருக்கும், அதனால் வேகம், அப்பர்ச்சர், ஃபோகஸ் மூன்றும் இடது கையிலேயே முடிந்துவிடும். வலது கைக்கு ஃபிலிமை ஓட்டுவதும் அமுக்குவதும் மட்டும்தான். வியூஃபைண்டர் விசாலம், காட்சியில் 97 சதவீதம் தெரியும். கையில் எடுத்தவுடன் வாங்கத் தோன்றும் கேமரா இது. வாங்குவதற்கு முன் வியூஃபைண்டரின் கீழ்ப்பக்கத்தில் கறுப்புக் கோடோ கறையோ தெரிகிறதா என்று பாருங்கள். பிரிசத்தை ஒட்டி வைத்த ஃபோம் வருஷக்கணக்கில் உருகி அதன் வெள்ளிப்பூச்சைத் தின்றிருக்கும். படத்தில் இந்தக் குறை வராது, ஆனால் அந்த விசாலமான வியூஃபைண்டருக்காகத்தானே காசு கொடுத்தீர்கள்?

அடுத்த தலைவலி செல். ஓஎம்-1, யாஷிகா 124ஜி இரண்டிலும் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச செல்லுக்காகச் செய்தவை. அது இப்போது கிடையாது. அதே அளவில் 1.5 வோல்ட் அல்கலைன் செல்லைப் போட்டால் மீட்டர் இருக்கிற வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும், நீங்கள் குறைத்து எடுப்பீர்கள், படம் இருண்டு வரும். காது மெஷினுக்குப் போடும் 675 ஜிங்க்-ஏர் செல் 1.4 வோல்ட். சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் மாட்டி அதைப் பொருத்தலாம். ஸ்டிக்கரைப் பிரித்தவுடன் ஆயுள் ஓடத் தொடங்கிவிடும். மீட்டரைப் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் சில மாதங்கள்தான்.

எஃப்எம்2க்கு இந்தத் தொல்லை இல்லை. எல்ஆர்44 இரண்டு போட்டால் போதும். அதுவும் மீட்டருக்கு மட்டும். செல் செத்தாலும் 1 செகண்டிலிருந்து 1/4000 வரை எல்லா வேகமும் வேலை செய்யும். 1982இல் வந்தபோது பிளாஷ் வேகம் 1/200. 1984இல் வந்த எஃப்எம்2என்-இல் 1/250. கேமராவின் சீரியல் எண்ணுக்கு முன்னால் N என்ற எழுத்தும், டயலில் 250 சிவப்பிலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முதலில் ஷட்டர் இதழ்கள் தேன்கூட்டு வடிவம் பதித்த டைட்டானியம், பின்னால் அலுமினியம். இரண்டும் நன்றாக உழைப்பவை, ஆனால் ஃபிலிம் மாட்டும்போது விரல் நுனி பட்டால் மடங்கிவிடும். மடங்கிய இதழை நிமிர்த்திப் புண்ணியமில்லை. ஷட்டரையே மாற்ற வேண்டிவரும். இன்னொரு பொறி: 1977க்கு முந்தைய, ஏஐ (அப்பர்ச்சரைக் கேமராவுக்குத் தெரிவிக்கும் நிக்கான் முறை) ஆக மாற்றப்படாத நிக்கார் லென்ஸ்களை இதில் மாட்டக் கூடாது. மவுண்டில் இருக்கும் கொக்கி மடங்காது, உடையும்.

அழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலையில் எஃப்எம்2இன் இன்னொரு குணம் தெரியும். வியூஃபைண்டருக்குள் மீட்டரைக் காட்டுவது மூன்று சிவப்பு விளக்குகள். கே1000, ஓஎம்-1 இரண்டிலும் ஊசி. இருட்டில் ஊசி கண்ணுக்குத் தெரியாது. பகலில் யாருடைய மீட்டரானாலும் ஏமாறும். வெள்ளை வேட்டிக் கூட்டத்தைப் பார்த்து அது சொல்வதை நம்பாமல் ஒரு ஸ்டாப் திறக்க வேண்டும். அலங்காநல்லூர் வாடிவாசலில் காரி காளை வியூஃபைண்டரை நிறைத்தால் ஒரு ஸ்டாப் மூட வேண்டும்.

கே1000

1976 முதல் 1997 வரை ஓடிய கேமரா. டைமர் இல்லை, மீட்டருக்கு சுவிட்ச்கூட இல்லை. லென்ஸ் மூடியைப் போட்டு வைப்பதுதான் அணைப்பது. மறந்தால் எல்ஆர்44 சீக்கிரம் தீரும். 1964இல் வந்த ஸ்பாட்மேட்டிக் வழி வந்த துணி ஷட்டர். நிறையப் பேர் பிரித்துப் பழகிய யந்திரம் என்பதால் பழுது பார்ப்பது ஒப்பீட்டளவில் சுலபம். ஜப்பானில் செய்த பழையவற்றில் மேல்தட்டும் அடித்தட்டும் உலோகம், பிற்காலச் சீனத் தயாரிப்பில் பிளாஸ்டிக். தட்டிப் பார்த்தாலே தெரியும்.

துணி ஷட்டரில் என்ன கெடும்? இரண்டு திரைகள் பக்கவாட்டில் ஒன்றன் பின் ஒன்றாக ஓட வேண்டும். பழைய எண்ணெய் பிசினாகி முதல் திரை மெதுவானால் இரண்டாவது அதைப் பிடித்துவிடும், ஃபிரேமின் ஒரு ஓரம் இருண்டுவிடும். 1/1000இல்தான் இது முதலில் தெரியும். லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, வானத்தைப் பார்த்து 1/1000இல் பத்துத் தடவை அடித்துப் பாருங்கள். சட்டத்தின் இரு ஓரமும் ஒரே அளவில் மின்ன வேண்டும். சிலர் சுத்தம் செய்யாமல் ஸ்பிரிங்கை மட்டும் முறுக்கிவிட்டுக் கொடுப்பார்கள். கொஞ்ச நாள் ஓடும், பிறகு மெதுவான வேகங்களும் சேர்ந்து தடுமாறும்.

யாஷிகா மேட் 124ஜி

இடுப்பளவில் வைத்து, குனிந்து பார்த்து எடுக்கும் இரட்டை லென்ஸ் கேமரா. 1970இலிருந்து 1986 வரை வந்தது. 120 ரோலில் 12 படம். ஒவ்வொன்றும் 35 மிமீ ஃபிரேமைப்போல மூன்றரை மடங்குக்கு மேல் பரப்பு. திருமலை நாயக்கர் மகாலின் தூண்களையும் வளைவுச் சுதை வேலையையும் எடுப்பதற்கு நாலில் இதற்கு ஈடு கிடையாது. எஃப் 3.5இல் ஓரங்கள் மசமசக்கும், எஃப் 8இல் கத்தி. கிராங்கை முன்னால் நிற்கும்வரை சுற்றி, அப்புறம் பின்னால் முழுசாகத் திருப்பினால்தான் ஷட்டர் ஏறும். பாதியில் விட்டுவிட்டுப் பட்டன் வேலை செய்யவில்லை என்று அழுத்தக் கூடாது. டைமர் லீவரைத் தொடாதீர்கள். பழைய கேமராவில் அது பாதி வழியில் சிக்கிக்கொண்டால் ஷட்டரும் சேர்ந்து நிற்கும்.

வியூஃபைண்டரில் இடவலம் மாறித் தெரியும். மாடு வலது பக்கம் பாய்ந்தால் கண்ணாடியில் இடது பக்கம் பாயும். ஜல்லிக்கட்டுக்கு இதைக் கொண்டுபோகிறவருக்கு மாடு கிடைக்காது, புழுதி கிடைக்கும்.

லைக்கா எம்3ஐ ஏன் தள்ளி வைத்தோம் என்று கேட்பார்கள். 1954இன் அந்த வியூஃபைண்டருக்கும் லீவரின் வழுக்கலுக்கும் இணை இல்லைதான். ஆனால் மீட்டர் இல்லை, ஃபிலிம் மாட்டக் கூட்டத்தில் அடித்தட்டைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும்விட, உள்ளே ஷட்டரை மறைத்து நிற்கும் கண்ணாடி இல்லாததால் லென்ஸ் மூடியில்லாமல் சூரியனைப் பார்த்து மாட்டி வைத்தால் குவிந்த வெயில் துணித் திரையில் ஊசித் துளை போட்டுவிடும். நம் ஊர் வெயிலுக்கு அந்த விலையில் அந்த அபாயம் வேண்டாம்.

ஒரே கேமரா, கையில் காசு இருக்கிறது என்றால் எஃப்எம்2என். படிக்கிற பிள்ளைக்கு என்றால் கே1000. வீட்டுப் பரணிலோ உறவினரின் பழைய ஸ்டுடியோவிலோ யாஷிகா தூங்கினால் எதையும் வாங்காமல் முதலில் அதைச் சுத்தம் பாருங்கள். ஓஎம்-1 ஆசைக்கு.

எதை வாங்கினாலும் பின்கதவுப் பள்ளத்தில் இருக்கும் ஃபோமை விரலால் தொட்டுப் பாருங்கள். தார்போல ஒட்டினால் படத்தில் ஆரஞ்சுக் கோடுகள் வரும். மூங்கில் குச்சியால் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைக்கலாம். துகள் ஷட்டருக்குள் விழாமல் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும். பள்ளத்துக்கு ஃபோமே வேண்டியதில்லை. விளக்குத்தூண் பக்கம் போனால் கறுப்புக் கம்பளி நூல் ஒரு உருண்டை வாங்கி, அழுத்திப் பதித்தால் போதும். கீல் ஓரத்துக்கு மட்டும் மெல்லிய ஃபோம் ஒட்டுங்கள்.

லென்ஸைப் பின்பக்கமிருந்து செல்ஃபோன் டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி வலைபோல ஃபங்கஸ் தெரியும். அப்பர்ச்சர் இதழில் எண்ணெய் மினுமினுத்தால் காரில் வைத்து வெயிலில் வெந்த லென்ஸ். இதழ் தாமதமாக மூடி, படம் வெளுக்கும். தோல் உறையில் போட்டு பீரோவில் வைப்பது ஐப்பசி மழையில் ஃபங்கஸுக்கு விருந்து. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, இரண்டு பொட்டலம் சிலிக்கா ஜெல், ஷட்டர் ஏற்றாமல், செல்லைக் கழற்றி.