குளிர்காலந்தோறும் ஒளிப்பெட்டி: நீண்டநாள் பயன்பாட்டில் தெரியவருவது

குளிர்காலத்தில் வரும் மனச்சோர்வைக் குறைக்க, காலையில் முன்னால் உட்காரும் பிரகாசமான விளக்குதான் ஒளிப்பெட்டி. அதன் அட்டையில் '10,000 லக்ஸ்' (லக்ஸ் என்பது விழும் வெளிச்சத்தின் அளவு) என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எவ்வளவு தூரத்தில் அந்த அளவு கிடைக்கும் என்பது கையேட்டின் உள்ளே பொடி எழுத்தில் இருக்கும். பலனே இல்லை என்று பெட்டியைப் பரணில் போடுகிறவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். சிறிய பெட்டிக்கு 15 செ.மீ. என்றிருக்கலாம், அகலமான பலகைக்கு 30 முதல் 60 வரை போகலாம். அளவு நாடாவால் கண்ணிலிருந்து பலகை வரை அளந்து, நாற்காலிக் கால் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு வாரத்தில் நாற்காலி மெல்லப் பின்னால் போயிருக்கும். ஒரு சாண் தள்ளினாலே கண்ணில் விழும் வெளிச்சம் பாதியாகிவிடலாம்.

விழித்த ஒரு மணி நேரத்துக்குள் 30 நிமிடம் உட்கார வேண்டும். பெட்டி 2,500 லக்ஸ்தான் தரும் என்றால் 2 மணி நேரம் பிடிக்கும், தினமும் யாருக்கும் அது நடக்கிற காரியமில்லை. மாலையில் போட்டால் தூக்கம் கெடும். பலகை கண்மட்டத்துக்குச் சற்று மேலே, ஓரமாக இருக்கட்டும். வெளிச்சத்தையே உற்றுப் பார்க்க வேண்டாம். கண் திறந்திருந்தால் போதும். குனிந்து ஃபோன் பார்த்தால் வெளிச்சமெல்லாம் நெற்றிக்குத்தான் போகும்!

குளிர்காலந்தோறும் வரும் இந்தப் பருவகால மனச்சோர்வை மனநல மருத்துவர் நார்மன் ரோசென்தாலின் குழு 1984-இல் விவரித்தது முதல் இந்தச் சிகிச்சை ஆராயப்பட்டு வருகிறது. வந்த சோர்வைக் குறைக்கும் என்பதற்கு இருக்கும் அளவுக்கு, வராமல் தடுக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று இல்லை. ஆனாலும் ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் சோர்வு வருகிறவர்கள் அதற்கு இரண்டு வாரம் முன்பே, இலையுதிர்காலத்திலேயே தொடங்குவது நல்லது. படுத்த படுக்கையாகிவிட்ட பிறகு காலையில் எழுந்து விளக்கின் முன் உட்காருவதே மலையாகிவிடும்.

முதல் நாட்களில் தலைவலி, கண் கூச்சம், குமட்டல் வரலாம். 10 நிமிடத்தில் தொடங்கிக் கூட்டினால் அநேகமாக அடங்கிவிடும். இருதுருவ (பைபோலார்) மனநோய் உள்ளவர்களுக்கு மிகையெழுச்சியை, அதாவது அளவுமீறிய உற்சாகத்தையும் பரபரப்பையும், தூண்டக்கூடும். அவர்களும், விழித்திரை நோய் உள்ளவர்களும், ஒளிக்கூச்சம் தரும் மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. உயிரை விடும் எண்ணம் வந்தால் விளக்கை நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

வாங்கும்போது புற ஊதாக் கதிரை வடிகட்டுகிறதா என்று பாருங்கள். வடிகட்டுவதால் இதிலிருந்து வைட்டமின் டி கிடைக்காது. நீல விளக்கு தேவையில்லை, வெள்ளை போதும். பலகையில் படியும் தூசியை மாதம் ஒருமுறை துடையுங்கள். குழல்விளக்குப் பெட்டியானால், எரிந்துகொண்டிருந்தாலும் குழல் நாளடைவில் மங்கும். கையேடு சொல்லும் கெடுவில் மாற்றிவிடுங்கள்.