வெறும் வயிற்றுச் சர்க்கரையா, மூன்று மாதச் சராசரியா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் பல்லடம் விசைத்தறிகளிலும் இரவு ஷிஃப்ட் பார்ப்பவருக்குச் சர்க்கரை நோய் உள்ளதா என்று அறிய இரண்டு ரத்தப் பரிசோதனைகள் பெரிதும் பயன்படுகின்றன.

வெறும் வயிற்றுப் பரிசோதனை செலவு குறைந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துகொள்ளலாம். குறைந்தது 8 மணி நேரம் உண்ணாதிருந்து கொடுக்கும் ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நோய் எனக் கொள்வர். ஆனால் விடிய விடியத் தறி ஓட்டி, இடையிடையே டீயும் பன்னும் சாப்பிட்டவருக்கு அந்த 8 மணி நேரம் வாய்ப்பது அரிது. மேலும், அந்த எண் அந்நேரத்து நிலையை மட்டுமே சொல்வதால், முந்தைய இரண்டு நாள் மட்டும் வாயைக் கட்டும் கெட்டிக்காரர்கள் (ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்) நல்ல எண்ணோடு திரும்பிவிடுகிறார்கள்.

எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் இந்தச் சாமர்த்தியம் செல்லாது. ஏறத்தாழ 120 நாள் வாழும் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் ஒட்டியுள்ள சர்க்கரையை அளப்பதால், அது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுகிறது. எந்த வேளையிலும் எடுக்கலாம். 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நோய். ஷிஃப்ட் தொழிலாளருக்கு, செலவு கூடினாலும், இதையே பரிந்துரைப்பேன்.

ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ளவர்களுக்கு இது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அவர்களுக்கு முதலாவதே நம்பகமானது. அறிகுறிகள் இல்லாதவருக்கு எதில் நோய் தெரிந்தாலும், இன்னொரு பரிசோதனையால் உறுதிசெய்த பிறகே மருந்து தொடங்க வேண்டும்.