8 ஜிபி என்று அட்டையில் போட்ட 4 ஜிபி போன்

சின்னம்மா மகன் ஐடிஐ முடித்து இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். கையில் பத்தாயிரத்தை வைத்துக்கொண்டு போன் தேடுகிறான். போன வாரம் கூப்பிட்டு, "அக்கா, நீங்க வெச்சிருக்கிற அதே போனைத் தேனியில ஒரு கடையில பழைய ஸ்டாக்குன்னு ரெண்டாயிரம் குறைச்சுத் தர்றாங்க. எடுத்துரட்டுமா?" என்றான். வேண்டாம் என்றேன். "நல்லா உழைக்குதுன்னு நீங்கதானக்கா எல்லார்கிட்டயும் சொல்றீங்க?" என்று திருப்பிக் கேட்டான். ஆமாம், சொல்கிறேன். இனியும் சொல்வேன். ஆனாலும் வாங்காதே என்பதுதான் என் பதில். காரணம் கொஞ்சம் நீளம். அவனைப் போல இந்த விலையில் தேடுகிற மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

வாங்கி ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. 4ஜி போன், 4 ஜிபி ரேம் (ஆப்கள் ஓடும்போது தங்குகிற இடம்), 64 ஜிபி ஸ்டோரேஜ் (படமும் ஆப்பும் சேமித்து வைக்கிற இடம்), 5,000 எம்ஏஎச் பேட்டரி. மற்ற விவரமெல்லாம் எங்கே தேடினாலும் கிடைக்கும். நான் பெரியகுளத்தில் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். போன் நாள் முழுக்க மெஷின் மேஜையில்தான் கிடக்கும். நூல் தூசி, மெஷின் எண்ணெய், கத்தரிக்கோல் எல்லாம் அதன்மேல் பட்டிருக்கின்றன. மேஜையிலிருந்து கீழே விழுந்த கணக்கே கிடையாது. இதுவரை கண்ணாடி உடையவில்லை.

பேட்டரியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். காலையில் சார்ஜ் போட்டால் மறுநாள் சாயங்காலம்தான் மறுபடி ஒயரைத் தேடுவேன். திரை 720பி எல்சிடி, அதாவது தெளிவு கொஞ்சம் குறைந்த சாதாரணத் திரை என்பதால் அது தின்னும் கரண்ட் குறைவு. சினிமா பார்க்கிறவர்களுக்கு அது குறையாகப் படலாம், எனக்கு வரம். போன மழைக்காலத்தில் சார்ஜ் ஏறாமல் போனது. சர்வீஸ் சென்டரில் பார்ட்ஸ் ஸ்டாக் இல்லை, எப்போது வரும் என்றும் தெரியாது என்றார்கள். நம் ஊர் மொபைல் கடைத் தம்பி மதுரையிலிருந்து சார்ஜிங் போர்டு வரவழைத்து, முந்நூறு ரூபாயில் சாயங்காலமே மாற்றிக் கொடுத்தார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 வருஷத்துக்கு முக்கியமான உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும் என்று விதியே போட்டிருக்கிறார்கள். நமக்கு அந்த மொபைல் கடைத் தம்பிதான் விதி.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் எஃப்எம். இந்தப் போனில் 3.5 எம்எம் ஓட்டை இருக்கிறது, உள்ளே எஃப்எம் சிப்பும் இருக்கிறது. ஒயர் உள்ள ஹெட்போனைச் சொருகினால் அந்த ஒயரே ஆன்டெனாவாக வேலை செய்யும். நெட் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். கொடைக்கானல் 100.5 எங்கள் பக்கம் கணீரென்று கேட்கும்; மலை உச்சியிலிருந்து வருகிற அலைவரிசை, தென் மாவட்டங்களில் பாதிக்கு அதுதான் துணை. மதியம் ஓரம் அடித்துக்கொண்டே ஒரு காதில் பாட்டுக் கேட்பேன், இன்னொரு காது வாசலில் வருகிறவர்களுக்கு. விளம்பரம் பார்த்துவிட்டுப் பாட்டுக்குப் போகவேண்டிய கட்டாயம் இல்லை. மழையில் டவர் படுத்துவிட்டால்கூடச் செய்தி வரும். 2023-இல் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் போன் தயாரிப்பாளர்களிடம், எஃப்எம் உள்ள போன்களில் அதை முடக்காதீர்கள், இல்லாததில் சேருங்கள் என்று கேட்டுக்கொண்டது. அதற்கு அப்புறமும் ஹெட்போன் ஓட்டையை அடைத்துக்கொண்டே போகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம்.

சரி, இவ்வளவு நல்ல போனை ஏன் வேண்டாம் என்கிறேன்?

ஒரே ஒரு விஷயம். கேட்டதும் வராது. தொட்டால் யோசிக்கும்.

வாடிக்கையாளர் வந்து நிற்பார். "அன்னைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேனே, போட் நெக், முதுகில் பொட்லி பட்டன், அந்த டிசைன்தான்" என்பார். வாட்ஸ்அப்பைத் தொடுவேன். வெள்ளைத் திரை. அப்புறம் பெயர்கள் வரும். அவர் பெயரைத் தேட கட்டத்தைத் தொட்டால் கீபோர்டு எழும்ப மறுக்கும். நான் தட்டிய எழுத்தெல்லாம் எங்கோ தங்கி, கடைசியில் மொத்தமாக வந்து விழும். படத்தைத் திறந்தால் மங்கலாக நிற்கும். விரலால் பெரிதாக்கினால் திரை உறைந்துபோகும். அதற்குள் அவர் தன் போனை எடுத்து, அதே படத்தைக் காட்டிவிடுவார். தினமும் இது நடந்தால் ஒரு மனுஷிக்குக் கோபம் வருமா வராதா?

பணம் கட்டும் இடத்தில் இன்னும் மோசம். நூல் கடையில் க்யூஆர் அட்டைக்கு முன்னால் போனை நீட்டிக்கொண்டு நிற்பேன், கேமரா கருப்பாகவே இருக்கும். பின்னால் நிற்பவர் தொண்டையைச் செருமுவார். கரண்ட் பில் கட்டும்போது ஓடிபி வரும். அதைப் பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால், கட்டிக்கொண்டிருந்த பக்கம் இருக்காது. முதலிலிருந்து தொடங்கச் சொல்லும். நாம் மெசேஜைப் பார்க்கும் அந்த நேரத்தில், ரேமில் இடம் போதாமல் முந்தைய ஆப்பை போன் மூடிவிடுகிறது. நெட்வொர்க்கைத் திட்டிப் பயனில்லை, கோளாறு போனுக்குள் இருக்கிறது.

அட்டைப்பெட்டியை இன்னும் வைத்திருக்கிறேன். முகப்பில் பெரிதாக '8 ஜிபி வரை ரேம்' என்று போட்டு, மேலே ஒரு நட்சத்திரக் குறி. அந்த நட்சத்திரத்துக்கான விளக்கம் பெட்டியின் அடிப்பக்கம், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில்: 4 ஜிபி நிஜம், 4 ஜிபி விர்ச்சுவல். விர்ச்சுவல் ரேம் என்பது ரேமே இல்லை. ஸ்டோரேஜில் ஒரு மூலையை ஒதுக்கி, ரேமில் கொள்ளாததை அங்கே தள்ளி வைப்பது, அவ்வளவுதான். என் தொழிலில் சொன்னால், ரேம் துணி வெட்டுகிற மேஜை, ஸ்டோரேஜ் பீரோ. மேஜை சின்னதாக இருந்தால் வெட்டின துணியைப் பீரோவில் வைத்துவிட்டு அடுத்ததை விரிக்க வேண்டும், பழையது வேண்டுமென்றால் மறுபடி எழுந்து பீரோவுக்குப் போக வேண்டும். பீரோவையும் சேர்த்து என் மேஜை இவ்வளவு நீளம் என்று யாராவது சொல்வார்களா?

இதில் அந்தப் பீரோவின் கதவும் இறுகல். இந்த விலைப் போன்களில் ஸ்டோரேஜ் ரெண்டு வகையில் வரும்: இஎம்எம்சி, யூஎஃப்எஸ். இஎம்எம்சி ஒரு நேரத்தில் ஒன்று எழுதும், அல்லது படிக்கும். ரெண்டையும் சேர்த்துச் செய்யாது. யூஎஃப்எஸ் ஒரே நேரத்தில் ரெண்டையும் செய்யும். வேகத்திலும் தூரம் அதிகம்: இஎம்எம்சி 5.1-க்கு உச்ச வரம்பே நொடிக்கு 400 எம்பி, யூஎஃப்எஸ் 2.2 ஏட்டில் ஆயிரத்தையும் தாண்டும். என்னுடையது இஎம்எம்சி. ரேம் போதாத போனுக்கு மெதுவான ஸ்டோரேஜைக் கொடுத்து, அதையே ரேம் என்று எழுதி விற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. கம்பெனி பெயரை நான் எழுதவில்லை. இந்த விலையில் இப்படி எழுதுவது ஒரு கம்பெனியோடு நிற்கவில்லை.

விர்ச்சுவல் ரேமை செட்டிங்ஸில் அணைத்துப் பார்த்தேன். உறைவது கொஞ்சம் குறைந்தது, ஆப் மூடிக்கொள்வது கூடியது. சர்வீஸ் சென்டரில் ரீசெட் அடித்தால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்றார்கள். ஆனது. தீபாவளி தையல் சீசன் வந்து படங்கள் கொட்டத் தொடங்கியதும் பழைய குருடி கதவைத் திறடி. ஸ்டோரேஜ் நிரம்ப நிரம்ப, புதிதாக எழுதக் காலி இடம் தேடவே அந்தச் சிப்புக்கு நேரம் பிடிக்கும், அதனால்தான் கடைசிப் பத்து ஜிபியை எட்டும்போது போன் இழுத்துக்கொண்டு நிற்கிறது. மெமரி கார்டு போட்டால் தீரும் என்று பலரும் சொல்வார்கள். கேமரா படங்களை கார்டுக்கு மாற்றலாம், சரி. ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் படமும் வீடியோவும் போனின் சொந்த ஸ்டோரேஜில்தான் இறங்கும், கார்டுக்குத் திருப்பிவிட வழி இல்லை. அது போதாதென்று தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு உரையாடல்களை பேக்கப் எடுத்து, கடைசி ஏழு நாள் நகலைப் போனிலேயே வைத்துக்கொள்ளும். எனக்கு ஓரளவு கைகொடுத்தது, வாட்ஸ்அப் செட்டிங்ஸில் தானாக டவுன்லோடு ஆவதை நிறுத்தியதும், ஸ்டோரேஜ் நிர்வாகப் பக்கத்துக்குப் போய் குரூப் வீடியோக்களை வாரம் ஒருமுறை அழிப்பதும்தான். இப்போது பதினைந்து ஜிபிக்குக் குறையாமல் காலியாக வைத்திருக்கிறேன்.

சின்னம்மா மகனுக்கு நான் சொன்னது இது. முதலில் ரேம். நட்சத்திரக் குறி இல்லாத 6 ஜிபி. ஸ்டோரேஜ் 128 ஜிபி, அதுவும் யூஎஃப்எஸ். கடைக்காரர்களில் பலருக்கு இது எது என்று தெரியாது, அட்டையிலும் இருக்காது. கம்பெனியின் இணையப் பக்கத்தில் விவரப் பட்டியலில் ஸ்டோரேஜ் வகை என்று தேடிப் பார். யூஎஃப்எஸ் என்றால் தம்பட்டம் அடித்திருப்பார்கள். ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால் இஎம்எம்சி என்றே வைத்துக்கொள். கேமராவில் 50 மெகாபிக்சலா 108-ஆ என்பதைக் கடைசியில் பார்த்தால் போதும்.

5ஜி வேண்டும் என்றான். வாங்கட்டும், ஆனால் தன் சிம்முக்கு அது பிடிக்குமா என்று பார்த்து வாங்க வேண்டும். ஜியோ தொடக்கத்திலிருந்தே எஸ்ஏ முறையில், அதாவது 4ஜியைச் சாராமல் தனியாக 5ஜி கொடுக்கிறது. ஏர்டெல் 4ஜியின் மேல் ஏறி ஓடும் என்எஸ்ஏ முறையில் தொடங்கியது. மிக மலிவான சில 5ஜி போன்கள் எஸ்ஏ மட்டுமே எடுக்கும். அதில் ஏர்டெல் சிம் போட்டுவிட்டு 5ஜி குறி வரவில்லையே என்று ஆன்டெனாவைக் குறை சொல்லக் கூடாது. அப்டேட் எத்தனை வருஷம் என்பதையும் கேட்கச் சொன்னேன். என் போனுக்கு செக்யூரிட்டி பேட்ச், அதாவது பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட், வருவது நின்றுவிட்டது. பேங்க் ஆப்பை வைத்திருக்கும் போனில் அது நல்லதில்லை.

இதெல்லாம் பத்தாயிரத்துக்குள் புதிதாகக் கிடைப்பது கஷ்டம். 2025 கடைசியிலிருந்து மெமரி சிப் விலை ஏறிக்கொண்டே போகிறது. ஏஐ சர்வர்களுக்கு வாங்கிக் குவிக்கிறார்கள், போனுக்கு வரும் சிப்பின் விலை அதனால் கூடுகிறது. வரியிலும் நிம்மதி இல்லை. 2025 செப்டம்பரில் பெரிய டிவிக்கும் ஏசிக்கும் ஜிஎஸ்டி குறைந்தபோது போனுக்கு 18 சதவீதம் அப்படியே நின்றது. போன் இல்லாமல் ரேஷன் ஓடிபிகூட வராத காலத்தில், ஏசி வாங்குகிறவருக்குக் கிடைத்த சலுகை இவனுக்குக் கிடைக்கவில்லை.

பணம் போதாவிட்டால் ஒரு வருஷம் பழகின நல்ல போனைப் பழையதாக வாங்கலாம். பில்லோடு கொடுப்பவரிடம் மட்டும். காசு கொடுப்பதற்கு முன் *#06# அடித்து, ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்கும் ஐஎம்இஐ எண்ணை எடுத்து, கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தோடு அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அது முடக்கப்பட்ட போனா, போலி எண்ணா என்று அரசின் பதிவிலிருந்து பதில் வந்துவிடும். திருட்டுப் போனை நம் காசில் வாங்கி, போலீஸ் ஸ்டேஷன் ஏறவேண்டிய தலையெழுத்து வேண்டாம்.

தேனிக் கடைக்காரர் இன்னும் ஆயிரம் குறைத்தாலும் என் போன் வேண்டாம். பேட்டரிக்குப் பத்துக்குப் பத்து, எஃப்எமுக்கு அதற்கு மேல், உழைப்புக்கும் குறை வைக்க மாட்டேன். ஆனால் வேலைக்குப் போகிற பையன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போனைத் தொடுவான்? ஒவ்வொரு தடவையும் அது அவனைக் காக்க வைக்கும். நான் மாற்றப் போகிறேனா என்றால், இல்லை. சார்ஜிங் போர்டு புதுசு, காசு போட்டிருக்கிறேன், ஓடுகிற வரை ஓடட்டும். தம்பிக்கு மூவாயிரம் குறைகிறது. பொங்கலுக்கு வந்த தையல் கூலியில் அதை நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.