பியோகிளிட்டசோன் மாத்திரை: எட்டு மாதம் சாப்பிட்ட பிறகு

சர்க்கரை நோய்க்கு நான் சாப்பிடும் இந்த மாத்திரையைப் பற்றி மூன்றாவது வாரத்தில் எழுதியிருந்தால் “வேலை செய்யவில்லை” என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். காலையில் வெறும் வயிற்றில் 168 இருந்த சர்க்கரை 161 ஆகியிருந்தது, அவ்வளவுதான். நிறுத்திவிடலாம் என்றே நினைத்தேன். நான் இருபத்தாறு வருடம் பள்ளியில் உயிரியல் நடத்தியவள். இந்த மருந்து உடம்பில் எங்கே போய் வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படித்த பிறகுதான் அவசரம் அடங்கியது.

நான் ஏற்கெனவே சாப்பிட்டு வந்த மெட்ஃபார்மின், கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுவதைக் குறைக்கும். கிளிமிபிரைடு போன்றவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். பியோகிளிட்டசோன் போகிற வழி வேறு. அது கொழுப்பு செல்லின் உட்கருவுக்குள் போய், பிபார் காமா என்ற ஏற்பியில் (சேதியை வாங்கி ஜீன்களை இயக்கும் புரதம்) ஒட்டிக்கொள்கிறது. ஆர்எக்ஸ்ஆர் என்ற இன்னொரு ஏற்பியோடு ஜோடி சேர்ந்து டிஎன்ஏவைப் பற்றுவது இந்த ஏற்பியின் வழக்கம். மருந்து ஒட்டியதும் ஏற்பியின் வடிவம் கொஞ்சம் மாறும். ஜீன்களை அடக்கி வைத்திருந்த புரதங்கள் விலகி, அவற்றை வாசிக்க வைக்கும் புரதங்கள் வந்து சேரும். ஸ்டீராய்டு ஹார்மோனை உதாரணம் காட்டி வருடாவருடம் கரும்பலகையில் வரைந்த அதே படம்! அது தினமும் நான் விழுங்கும் மாத்திரைக்கும் பொருந்தும் என்பது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

ஜீன் வாசிக்கப்பட்டால் மட்டும் சர்க்கரை இறங்கிவிடாது. புரதங்கள் உருவாக வேண்டும், தோலுக்கு அடியில் புதிய கொழுப்பு செல்கள் முதிர வேண்டும், அவை ரத்தத்தில் சுற்றும் கொழுப்பு அமிலங்களை இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் கல்லீரலிலும் தசையிலும் கொழுப்பின் சுமை குறைந்து, இன்சுலினுக்கு அவை மறுபடி இணங்கும். அடிப்போனெக்டின் என்ற ஹார்மோன் கூடுவதும் இதற்கு உதவுகிறது. முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். எனக்குப் பன்னிரண்டாவது வாரத்தில் காலைச் சர்க்கரை 129க்கு வந்தது. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.3லிருந்து 7.4 ஆனது. ஒருநாள்கூடத் தாழ்சர்க்கரை வரவில்லை. இந்த மருந்து கணையத்தை நேரடியாகத் தூண்டாததால், இன்சுலினோ கிளிமிபிரைடு வகையோ கூடச் சேராதவரை அந்தப் பயம் குறைவு.

இங்கேதான் என் முக்கியமான குறை. எனக்கு எழுதிக் கொடுத்தவர் “இது மெதுவாகத்தான் வேலை செய்யும்” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அட்டையோடு வந்த துண்டுத்தாளில் எழுத்து எறும்பு ஊர்வது போல இருந்தது, பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை. நல்ல மருந்தைப் பாதியில் கைவிட இதைவிட வேறென்ன வேண்டும்?

மாத்திரையில் சொல்ல அதிகமில்லை. சின்னது, ஒரு நாளைக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கணக்கு கிடையாது.

ஐந்தாவது மாதம் 15 மில்லிகிராமை 30 ஆக்கினார்கள். பத்து நாளில் கணுக்கால் வீங்கியது, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. எடை மூன்று கிலோ ஏறியது. காரணம் அதே பிபார் காமாதான். அது சிறுநீரகத்திலும் இருக்கிறது, அங்கே உப்பையும் நீரையும் தேக்க வைக்கிறது. போதாததற்கு எலும்பு மஜ்ஜையிலும் இருக்கிறது. எலும்பு கட்டும் செல்லாக வேண்டியவற்றைக் கொழுப்பு செல்லாகும் பாதைக்குத் திருப்பிவிடுகிறது. இதைச் சாப்பிடும் பெண்களுக்கு எலும்பு முறிவு கூடுதலாக வருவது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். மாதவிடாய் நின்ற என்னைப் போன்றவர்கள் எலும்பு அடர்த்தியைப் பார்த்துக்கொண்டு தொடங்குவது நல்லது. நான் வீங்கிய பிறகுதான் பார்த்தேன். மருத்துவரிடம் சொல்லி 15க்கே திரும்பினேன், வீக்கம் இரண்டு வாரத்தில் வடிந்தது.

இதயம் பலவீனமானவர்கள் இந்தப் பக்கம் வரவே கூடாது, தேங்கும் நீர் இதயச் செயலிழப்பை மோசமாக்கும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சந்தேகத்தால் 2011இல் பிரான்ஸ் இதை நிறுத்தி வைத்தது. பிறகு வந்த ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை, ஆனாலும் அந்த நோய் இருப்பவர்களுக்கு இதைக் கொடுப்பதில்லை. சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். இந்த வகையின் மூத்த மருந்தான டிரோக்ளிட்டசோன் 1997இல் அமெரிக்காவில் வந்து, கல்லீரலைக் கெடுத்ததால் 2000இல் சந்தையை விட்டே போனது. அந்தப் பெயரைப் பார்த்து நானும் பயந்தேன், ஆனால் பியோகிளிட்டசோனுக்கு அந்த அளவு கல்லீரல் பாதிப்பு இல்லை. மறுபக்கம், 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பக்கவாதம் வந்து, இன்சுலின் எதிர்ப்பும் (இன்சுலினுக்கு உடம்பு சரியாக இணங்காத நிலை) உள்ளவர்களுக்கு மறுபடி பக்கவாதமோ மாரடைப்போ வருவதை இது குறைத்தது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று வீக்கத்துக்கும் எலும்புக்கும். 15 மில்லிகிராமில் தொடர்கிறேன், காலையில் எடை பார்த்து நாட்காட்டியில் குறிக்கிறேன். அடுத்த எலும்புப் பரிசோதனைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.